பிள்ளைகள் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்

"உங்கள் பிள்ளைக்குக் கணினி தெரியுமா?" என்று கேட்டால் இன்றைய பெற்றோர் பலர் சிரித்துவிடுவார்கள். மூன்று வயதிலேயே கைத்தொலைபேசியைத் திறந்து, பிடித்த காணொளியைத் தேடி எடுத்து, நடுவில் வரும் விளம்பரத்தையும் தள்ளிவிடத் தெரிந்த பிள்ளைக்குக் கணினி தெரியாதா என்ன?

கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டுப் பார்ப்போம். "அந்தக் கணினிக்கு ஒரு வேலையைச் சொல்லிக்கொடுத்து, அதைச் செய்யவைக்க உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா?" இப்போது பல வீடுகளில் பதில் வராது. கணினியைப் பயன்படுத்துவது வேறு. அது எப்படி இயங்குகிறது என்று அறிந்து அதற்குக் கட்டளையிடுவது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைத் தொடக்கப் பள்ளியிலேயே நிரப்ப முடியுமா? அதிலும் பண்பையும் ஒழுக்கத்தையும் முதன்மையாகக் கொண்ட ஒரு கிறிஸ்துவப் பள்ளியில் இந்தப் பாடம் எந்த வடிவம் எடுக்கும்? சிங்கப்பூரை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்க்கலாம்.

பெருந்திட்டம் முதல் பத்து மணி நேரம் வரை

சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்குள் கணினி பெரிய அளவில் நுழைந்தது 1997ஆம் ஆண்டில். அந்த ஆண்டு அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்திற்கு ஐந்து ஆண்டுகளுக்கு 2 பில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டுக்குள் இரண்டு மாணவர்களுக்கு ஒரு கணினி இருக்க வேண்டும், பாட நேரத்தில் 30 விழுக்காடு கணினி வழி நடக்க வேண்டும் என்பவை அதன் இலக்குகள். ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள். பள்ளிகளில் கணினிக்கூடங்கள் எழுந்தன.

ஆனால் அந்தக் கூடங்களில் அன்று நடந்தது பெரும்பாலும் கணினியைக் கொண்டு மற்ற பாடங்களைப் படிப்பதுதான். அறிவியல் பாடத்துக்கு ஒரு குறுவட்டு, தமிழ்ப் பாடத்துக்கு ஒரு பயிற்சித் தாள் என்ற அளவில் கணினி ஒரு கருவியாக இருந்தது. கணினியே ஒரு பாடமாக இல்லை.

அந்தத் திருப்பம் 2014இல் வந்தது. மாணவர்களுக்கு நிரலாக்கத்தை விளையாட்டாக அறிமுகப்படுத்தும் 'கோட் ஃபார் ஃபன்' திட்டம் அந்த ஆண்டு தொடங்கியது. 2020 முதல், மேல் தொடக்கநிலை மாணவர்கள் அனைவரும் பத்து மணி நேரம் இதில் பயில வேண்டும் என்று விதிக்கப்பட்டது. கல்வி அமைச்சும் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும் இணைந்து நடத்தும் இத்திட்டத்தில் தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. தொடக்கப் பள்ளி இறுதித் தேர்விலும் கணினிக்கென்று ஒரு தாள் இல்லை.

தேர்வில் இல்லாத ஒன்றைப் பெற்றோர் எவ்வளவு பொருட்படுத்துகிறார்கள் என்பது நாம் அறியாதது அல்ல.

ஒன்பது மாணவிகளுடன் தொடங்கிய பள்ளி

கிறிஸ்துவப் பள்ளிகளுக்கும் இந்தப் பாடத்திற்கும் என்ன தொடர்பு? அதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

சிங்கப்பூரின் மூத்த பள்ளிகளில் பல, சமயத் தொண்டர்களால் தொடங்கப்பட்டவை. கன்னிமாடப் பள்ளி 1854இலும், செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளி 1862இலும், ஆங்கிலோ சீனப் பள்ளி 1886இலும் தோன்றின. 1887இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோஃபியா பிளாக்மோர் என்ற பெண்மணி, ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் பெண் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் திறந்தார். முதலில் சேர்ந்தவர்கள் ஒன்பது இந்தியச் சிறுமிகள். அப்பள்ளியின் அன்றைய பெயர் தமிழ்ப் பெண்கள் பள்ளி! அதுவே பின்னாளில் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக வளர்ந்தது. இன்று அப்பள்ளி அமைந்திருக்கும் சாலை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பெண் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்று என்ன ஆகப்போகிறது என்று கேட்ட காலம் அது. எழுத்தறிவு யாருக்கு மறுக்கப்பட்டதோ அவர்களுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அத்தகைய பள்ளிகள் பிறந்ததன் நோக்கங்களில் ஒன்று. இன்று கணினியறிவும் ஒருவகை எழுத்தறிவுதான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கட்டண வகுப்புக்குப் போய் அதைக் கற்றுக்கொள்ளும். வசதியில்லாத பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு வழியில்லை. 1887இல் எழுந்த அதே கேள்வி வேறு உருவில் மீண்டும் நம்முன் நிற்கிறது.

இப்பள்ளிகளில் பெரும்பாலானவை அரசாங்க உதவி பெறுபவை. தேசியப் பாடத்திட்டத்தையே அவையும் பின்பற்றுகின்றன. இந்து, முஸ்லிம், பௌத்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். கணினிப் பாடம் எல்லாருக்கும் ஒன்றுதான். அதைச் சுற்றியுள்ள பண்புக் கல்வியில்தான் அப்பள்ளிகளின் தனி முத்திரையைக் காணலாம்.

கணினியே இல்லாத கணினி வகுப்பு

ஏழு வயதுப் பிள்ளைக்குக் கணினிப் பாடத்தை எங்கே தொடங்குவது? கணினியைத் தொடாமலே தொடங்கலாம் என்பதுதான் வியப்பான பதில். நியூசிலாந்தைச் சேர்ந்த பேராசிரியர் டிம் பெல்லும் அவருடைய நண்பர்களும் 1990களில் வகுத்த முறை இது. மின்சாரம் தேவையில்லை, தாளும் பென்சிலும் போதும்.

ஒரு வகுப்பைக் கற்பனை செய்து பார்ப்போம். ஆசிரியர் மேசையில் ரொட்டி, காயா, வெண்ணெய், கத்தி ஆகியவற்றை வைக்கிறார். "நான் ஓர் இயந்திரம். காயா ரொட்டி செய்ய எனக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்கிறார். "காயாவை ரொட்டியில் தடவுங்கள்" என்கிறது ஒரு பிள்ளை. ஆசிரியர் மூடிய புட்டியை அப்படியே எடுத்து ரொட்டியின் மேல் தேய்க்கிறார். வகுப்பே சிரிக்கிறது. பிறகு சிந்திக்கிறது. முதலில் மூடியைத் திறக்கச் சொல்ல வேண்டும். அதன்பின் கத்தியை எடுக்கச் சொல்ல வேண்டும். எந்த முனையைப் பிடிப்பது என்றும் சொல்ல வேண்டும்!

பிள்ளைகள் அங்கே கற்றுக்கொண்டதற்குப் படிமுறை என்று பெயர். ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, வரிசை தவறாமல், ஐயத்திற்கு இடமின்றிச் சொல்வதே படிமுறை. உலகின் எல்லாக் கணினிகளும் அந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன.

அடுத்து ஐந்து அட்டைகள். ஒவ்வொன்றிலும் முறையே 16, 8, 4, 2, 1 என்று புள்ளிகள். ஐந்து பிள்ளைகள் வரிசையாக நின்று அட்டையைக் காட்டலாம் அல்லது மறைக்கலாம். 13 வேண்டுமா? 8, 4, 1 ஆகிய மூன்று அட்டைகளைக் காட்டினால் போதும். இப்படி ஐந்தே அட்டைகளைக் கொண்டு சுழியம் முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டிவிடலாம். காட்டினால் ஒன்று, மறைத்தால் சுழியம். கணினிக்குத் தெரிந்த மொழி இந்த இரண்டு குறிகள் மட்டுமே என்பதைத் தொடக்கநிலை மூன்றில் படிக்கும் பிள்ளை விளையாட்டிலேயே புரிந்துகொள்கிறது.

இன்னொரு விளையாட்டு. ஆசிரியர் 1 முதல் 100க்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்கிறார். "ஒன்றா? இரண்டா?" என்று கேட்டுக்கொண்டே போனால் நூறு கேள்விகள்கூட ஆகலாம். "ஐம்பதைவிடப் பெரியதா?" என்று பாதி பாதியாகப் பிரித்துக் கேட்டால் ஏழே கேள்விகளில் விடை கிடைத்துவிடும். ஆயிரம் எண்கள் என்றாலும் பத்துக் கேள்விகள் போதும். கணினி விரைவாக வேலை செய்வதற்கு அதன் வேகம் மட்டும் காரணமல்ல, மனிதன் சொல்லிக்கொடுத்த நல்ல வழிமுறையும் காரணம் என்று பிள்ளைக்கு அப்போது விளங்கும்.

ஆமையும் பூனையும்

இதற்குப் பிறகுதான் திரைக்கு முன் உட்கார வேண்டும். இந்தத் துறையின் முன்னோடி சீமோர் பேப்பர்ட். அவரும் அவருடைய சகாக்களும் 1967இல் பிள்ளைகளுக்கென்றே 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். பின்னர் அதில் ஓர் ஆமையும் சேர்ந்தது. 'நூறு அடி முன்னே போ, தொண்ணூறு பாகை திரும்பு, இதை நான்கு முறை செய்' என்றால் ஆமை ஒரு சதுரம் வரையும். அந்தச் சதுரத்தைப் பத்துப் பத்துப் பாகையாகத் திருப்பி 36 முறை வரையச் சொன்னால் ஓர் அழகிய மலர் விரியும். கணினி பிள்ளைக்குக் கற்பிப்பதைவிட, பிள்ளை கணினிக்குக் கற்பிக்க வேண்டும் என்பதே பேப்பர்ட்டின் கருத்து.

அந்த மரபில் வந்ததுதான் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மிட்சல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007இல் வெளியிட்ட 'ஸ்கிராட்ச்'. பூனைச் சின்னத்துடன் இருக்கும் இதில் பிள்ளைகள் எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகளைப் போன்ற கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும். இது இலவசம். ஐந்து முதல் ஏழு வயதினருக்கென ஓர் எளிய வடிவமும் 2014இல் வந்தது.

இங்கே பிள்ளைகள் கற்கும் மிகப் பெரிய பாடம் பிழை பற்றியது. கணக்குத் தேர்வில் பிழை என்றால் சிவப்பு மை, குறைந்த மதிப்பெண், வீட்டில் திட்டு. நிரலில் பிழை என்றால் பூனை எதிர்ப்பக்கம் நடக்கும், அவ்வளவுதான். எந்தப் படியில் தவறு என்று தேடித் திருத்தி மறுபடியும் ஓட்டிப் பார்க்கலாம். தவறு செய்வது அவமானமல்ல, கண்டுபிடித்துத் திருத்துவதே வேலை என்ற மனநிலை வளர்கிறது. 'எனக்குக் கணக்கு வராது' என்று ஒன்பது வயதிலேயே ஒதுங்கிப்போகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து கிடைப்பது அரிது.

கோலத்தில் ஒளிந்திருக்கும் கணினி

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. நம் பாட்டிமார் வாசலில் புள்ளி வைத்துப் போட்ட கோலம், கணினி அறிவியலில் ஆய்வுப் பொருளானது. சென்னை கிறிஸ்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து, கோல வடிவங்களைக் கணினி இலக்கணமாக எழுத முடியும் என்று காட்டும் ஆய்வுக் கட்டுரையை 1974இல் வெளியிட்டார்கள். ஒரு சிறு வடிவத்தைத் திரும்பத் திரும்பச் சேர்த்துப் பெரிய கோலத்தை உருவாக்குவதும், நிரலில் ஒரு கட்டளையைத் திரும்பத் திரும்ப இயக்குவதும் அடிப்படையில் ஒன்றே. தாம்பரத்தில் ஒரு கிறிஸ்துவக் கல்லூரிக்குள் நம் வாசல் கோலத்தைக் கணினி மதித்தது என்பது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை.

கணினித் தமிழ் வளர்ச்சியில் நம் வட்டாரத்திற்கும் பெருமை உண்டு. சிங்கப்பூரில் ஆசிரியர் கல்வித் துறையில் பணியாற்றிய நா. கோவிந்தசாமி, இணையத்தில் தமிழை ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர். மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செயலியை உருவாக்கினார். தமிழ் இணைய மாநாடு 1997இல் சிங்கப்பூரில்தான் நடந்தது. இன்று ஒருங்குறியில் 'அ' என்ற எழுத்துக்கு 2949 என்ற எண் உண்டு. புள்ளி அட்டை விளையாட்டில் கற்ற ஒன்றும் சுழியமுமே அந்த எண்ணைச் சுமந்து சென்று, தாத்தாவின் கைத்தொலைபேசியில் 'அ'வாக எழுகிறது என்று சொன்னால் எந்தப் பிள்ளையின் கண்தான் விரியாது?

அயலார் யார்?

கணினியைச் சொல்லிக்கொடுக்கும்போது பள்ளி இன்னொரு பொறுப்பையும் சுமக்கிறது. நிரல் எழுதத் தெரிந்த கை, தோழியின் படத்தைக் கேலியாக மாற்றவும் கற்றுக்கொள்ளும். ஆக, திறனும் பண்பும் சேர்ந்தே வளர வேண்டும்.

விவிலியத்தில் நல்ல சமாரியன் உவமை பலருக்கும் தெரிந்தது. வழிப்பறிக்கு ஆளாகி அடிபட்டுக் கிடக்கும் ஒருவரைப் பார்த்தும் பாராமல் இருவர் விலகிப் போகிறார்கள். அந்நியர் எனக் கருதப்பட்ட மூன்றாமவர் நின்று உதவுகிறார். இந்தக் கதையை ஸ்கிராட்ச்சில் அசைபடமாகச் செய்யச் சொன்னால் பிள்ளைகள் ஒரே நேரத்தில் இரண்டு பாடங்களைக் கற்கிறார்கள். கதையைக் காட்சிகளாகப் பிரிப்பது கணினிப் பாடம். 'அடிபட்டவரைக் கண்டால் என்ன செய்வாய்?' என்ற இடத்தில் 'அப்படியானால்' என்ற நிபந்தனைக் கட்டளையை வைப்பது நிரலாக்கப் பாடம். அந்த இடத்தில் நான் எந்தப் பாத்திரம் என்று யோசிப்பதுதான் வாழ்க்கைப் பாடம்.

இதை இன்றைய நிலைக்குப் பொருத்திப் பாருங்கள். வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளையின் படத்தைப் போட்டு நால்வர் கேலி செய்கிறார்கள். மற்ற முப்பது பேரும் பார்க்கிறார்கள். ஒருவரும் வாய் திறப்பதில்லை. கேலி செய்தவர்கள் நால்வர்தான். ஆனால் விலகிப் போனவர்கள் முப்பது பேர்! ஆசிரியரிடம் போய்ச் சொல்லும் ஒரு பிள்ளை, பாதிக்கப்பட்டவருக்கு 'நான் இருக்கிறேன்' என்று தனியாக ஒரு செய்தி அனுப்பும் ஒரு பிள்ளை, இவர்கள்தான் இன்றைய சமாரியர்கள். இந்தப் பாடத்திற்குச் சமய எல்லை ஏது? எந்தச் சமயத்துப் பெற்றோரும் தம் பிள்ளை அப்படி வளர வேண்டும் என்றுதான் விரும்புவார்கள்.

இங்கே கணினி அறிவு பண்புக்குத் துணை நிற்கிறது. ஒரு படத்தை ஐந்து பேருக்கு அனுப்பினால், அந்த ஐவரும் ஆளுக்கு ஐவருக்கு அனுப்பினால், நான்காவது சுற்றில் மட்டும் 625 பேரை அது சென்றடையும். பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லலாம். அனுப்பிய செய்தியை நாம் அழித்தாலும் பிறர் எடுத்து வைத்த பிரதி அழிவதில்லை என்பதையும் விளக்கலாம். 'அப்படிச் செய்யாதே' என்று நூறு முறை சொல்வதைவிட, அது எப்படிப் பரவுகிறது என்று ஒருமுறை புரியவைப்பது மேல்.

பத்து மணி நேரம் போதுமா?

உண்மையைச் சொல்வதென்றால் போதாது. பத்து மணி நேரம் ஓர் அறிமுகம் மட்டுமே. நீச்சல் குளத்தில் காலை நனைத்துப் பார்ப்பது போன்றது. இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல் ஐந்து வயதிலிருந்தே கணினியியல் தேசியப் பாடத்திட்டத்தில் ஒரு பாடமாக இருக்கிறது. சிங்கப்பூரில் தேர்வுச் சுமை ஏற்கெனவே அதிகம் என்பதால் இன்னொரு தேர்வுப் பாடத்தைச் சேர்க்காதது நல்லதே. ஆனால் பத்து மணி நேரத்தில் எழுந்த ஆர்வம் பதினோராவது மணி நேரத்தில் எங்கே போகும்?

இங்கேதான் வசதி ஒரு வேலியாகிறது. தனியார் நிரலாக்க வகுப்புகளுக்குப் பணம் வேண்டும். 2020 ஏப்ரலில் கொவிட் காரணமாகப் பள்ளிகள் வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறியபோது, ஒரே கணினியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகளும் கணினியே இல்லாத வீடுகளும் வெளிச்சத்துக்கு வந்தன. பள்ளிகள் கணினிகளை இரவல் கொடுத்தன. அந்த நாட்கள் கற்றுத் தந்ததை மறந்துவிடக் கூடாது. பள்ளி முடிந்தபின் கணினிக்கூடத்தை வாரம் இருமுறை திறந்து வைப்பது, உயர்நிலை மாணவர்கள் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குத் துணையாக இருப்பது, தேவாலயத் தொண்டர்களிலும் முன்னாள் மாணவர்களிலும் கணினித் துறையில் பணிபுரிவோர் வாரம் ஒரு மணி நேரம் தருவது போன்றவை பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை. தொண்டு மரபில் வந்த பள்ளிகளுக்கு இது புதிதும் அல்ல.

இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துவிட்டது. 2025 முதல் அதற்கென 'ஏஐ ஃபார் ஃபன்' என்ற ஐந்து முதல் பத்து மணி நேர விருப்பப் பாடமும் பள்ளிகளுக்கு வந்திருக்கிறது. 'இயந்திரமே நிரல் எழுதித் தருகிறதே, பிள்ளை எதற்குக் கற்க வேண்டும்?' என்று சிலர் கேட்கிறார்கள். கணிப்பான் வந்த பிறகும் பிள்ளைகள் வாய்ப்பாடு படிக்கத்தான் செய்கிறார்கள். இயந்திரம் தந்த விடை சரியா தவறா என்று பார்க்கத் தெரியாதவர், இயந்திரம் சொன்னதையெல்லாம் நம்ப வேண்டியவராகிவிடுவார்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

முதலில், திரை நேரம் எல்லாம் ஒன்று என்று எண்ணாதீர்கள். இரண்டு மணி நேரம் காணொளி பார்ப்பதும் அரை மணி நேரம் ஒரு விளையாட்டை உருவாக்குவதும் ஒன்றல்ல. அதே வேளையில் அளவும் முக்கியம். 2025 ஜனவரியில் வெளியான அரசாங்க வழிகாட்டி, 7 முதல் 12 வயதுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி வேலை தவிர்த்த திரை நேரம் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது.

இரண்டாவதாக, உங்களுக்குக் கணினி தெரியாது என்று ஒதுங்காதீர்கள். "இதை எப்படிச் செய்தாய்? எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். பிள்ளை ஆசிரியராகும்போதுதான் கற்றது உறுதிப்படும். தோசை சுடும் முறையைப் படிப்படியாக எழுதச் சொல்லி, எழுதியபடியே நீங்கள் சுட்டுப் பாருங்கள். எண்ணெய் ஊற்றச் சொல்ல மறந்திருந்தால் தோசை கல்லில் ஒட்டும். அன்றைய படிமுறைப் பாடம் வீட்டிலேயே முடிந்துவிடும்!

மூன்றாவதாக, கணினியை வரவேற்பறையில் வையுங்கள். கதவை மூடிய அறைக்குள் வேண்டாம். இணையத்தில் ஏதாவது தவறாக நடந்தால் பயப்படாமல் உங்களிடம் வந்து சொல்லும் அளவுக்கு நம்பிக்கையை வளர்த்து வையுங்கள். பூட்டைவிட அந்த நம்பிக்கைதான் வலுவான காவல்.

நான்காவதாக, பெண் பிள்ளைகளை ஒதுக்காதீர்கள். 'இதெல்லாம் பையன்கள் வேலை' என்ற சொல் நம் வீடுகளில் இன்னமும் கேட்கிறது. 1887இல் அந்தச் சிறுமிகளின் குடும்பங்கள் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்று தயங்கியிருந்தால், ஷார்ட் ஸ்திரீட் கடைவீட்டில் அந்தப் பள்ளி திறந்திருக்காது. அந்தப் பெற்றோர் அனுப்பினார்கள். பிள்ளைகள் எழுத்தைக் கற்றார்கள். இன்று நம் முறை. தொடக்கநிலை நான்கில் படிக்கும் நம் பிள்ளை இன்று மாலை வீடு திரும்பி, "அம்மா, நான் பூனையை நடக்கவைத்தேன்" என்று சொன்னால், கையில் உள்ள வேலையை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு அந்தப் பூனையைப் பார்ப்போமே!